ஒரு கையில் ஆறு கார்டு

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடி ஒன்பது மாதம் ஆகிறது. பழுதெல்லாம் ஒன்றும் இல்லை, நான்தான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். அது ஓடும்போது நடுநடுவே உள்ளேயிருந்து டொக் டொக்கென்று ஒரு சத்தம் வரும். எல்லா ஃபிரிட்ஜிலும் வருவதுதான். ஆனால் அதைக் கேட்டால் எனக்குக் கையில் இருப்பது நழுவிவிடுகிறது. என் வீட்டுக்காரர் முதல் வாரம் கத்தினார், இரண்டாவது வாரம் கெஞ்சினார். இப்போது தினமும் பாலைக் காய்ச்சி மூடி வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுகிறார். "உனக்கு என்னதான்டி ஆச்சு?" என்று கேட்பார். "ஒண்ணும் ஆகல, கரண்ட் பில்லு குறையட்டும்னுதான்" என்பேன். கட்டின மனிதரிடமே வாய் திறக்காததை உங்களிடம் சொல்கிறேன். இடையில் குறுக்கே பேசாதீர்கள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வராது.

நான் வேலை பார்ப்பது ஒரு குளிர்கிடங்கில். பச்சைப் பட்டாணி, மக்காச்சோளம், நறுக்கிய காரட் எல்லாம் உறைய வைத்துப் பாக்கெட் போட்டு அனுப்பும் இடம். முன்பக்கம் பேக்கிங் ஹால், பின்பக்கம் குளிரறை. குளிரறைக்குள் மைனஸ் பதினெட்டு டிகிரி. தடித்த ஜாக்கெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, போனையும் பையையும் ஹாலில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கதவு ஒரு சாண் கனம். வெளிப்பக்கம் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு போட்டுப் பூட்டுவார்கள். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் தள்ளித் திறக்க உள்பக்கம் ஒரு குமிழ் உண்டு. அது பனி பிடித்து இறுகி, இரண்டு வருடமாக அசையவில்லை. ஆபத்து மணி ஒன்றும் உண்டு, அதன் வயர் எப்போதோ செத்துப்போனது. நாங்கள் எழுதிக் கொடுத்தோம். சூப்பர்வைசர் வாங்கி, அழகாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரை நாங்கள் ஹெட்மாஸ்டர் என்போம். மழை வருகிறது என்பதைக்கூட ஆள்காட்டி விரலைத் தூக்கித்தான் சொல்வார்.

காலை ஆறு மணி ஷிப்டில் எங்கள் ஹாலில் ஆறு பெண்கள். இரண்டு மணிக்கு வேலை முடியும், இரண்டு ஐந்துக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் மூன்று மணி வரை தெருவில் காய வேண்டும், அப்புறம் இரண்டு பஸ் மாற வேண்டும். வாசலில் கார்டு அடிக்கும் மிஷின் ஒன்றே ஒன்று. அறுபது பேர் அதன் முன் வரிசையில் நிற்பார்கள். மிஷினுக்கு இடப்பக்கம் 'உள்ளே' என்று எழுதிய தட்டு, வலப்பக்கம் 'வெளியே'. காலையில் வரும்போது கார்டை அடித்து 'உள்ளே' தட்டில் செருக வேண்டும், போகும்போது அடித்து 'வெளியே' தட்டில் செருக வேண்டும். நாங்கள் பஸ்ஸை விட்டு விட்டு அலுத்துப்போனோம். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. தினம் ஒருத்தி, முறை வைத்து, பத்து நிமிஷம் முன்னாலேயே நைசாக நழுவிப் போய் வரிசையில் முதலில் நின்றுகொள்வது. ஆறு கார்டையும் எடுத்து, மணி இரண்டானதும் டக் டக் டக்கென்று அடித்துச் செருகிவிடுவது. மற்ற ஐந்து பேரும் கைகால் கழுவி, ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு நேரே பஸ்ஸுக்கு ஓடலாம். அந்த யோசனை என்னுடையதுதான். யாரும் என் தலையில் கட்டவில்லை.

அடுத்தவர் கார்டை அடித்தால் அன்றே வேலை போகும் என்று மிஷினுக்கு மேலேயே பலகை தொங்குகிறது. அதன் கீழேயே நின்றுதான் நாலு வருஷம் அடித்தோம். வாசலில் இருந்த வாட்ச்மேன் வயதானவர், நல்ல மனிதர். "பாவம் பொம்பளைங்க, பஸ்ஸை விட்டுடப் போறாங்க" என்று வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

இன்னொரு விஷயமும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் குளிரறையைப் பூட்டினால் திங்கட்கிழமை காலைதான் திறப்பார்கள். பூட்டும் முன் ஹெட்மாஸ்டர் உள்ளே போய்ப் பார்க்க மாட்டார். அவருக்குக் குளிரில் தலை நீட்டினால் மூக்கு ஒழுகும். 'உள்ளே' தட்டைப் பார்ப்பார். காலியாக இருந்தால் எல்லோரும் போய்விட்டார்கள் என்று அர்த்தம். விளக்கை அணைத்து, இரும்புத் தண்டைப் போட்டுவிடுவார். நாங்கள் கார்டு அடிப்பதும் எங்களுக்குத் தெரியும், அவர் தட்டைப் பார்ப்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்கிற புத்தி ஆறு பேரில் ஒருத்திக்கும் இல்லை. அதைச் செய்தது வேறு ஆள், அப்புறம் சொல்கிறேன்.

ஆறு பேரில் ஒருத்தியை விசில் என்று கூப்பிடுவோம். முன்பல் இடுக்கு வழியாக வேலை நேரம் முழுக்க விசில் அடித்துக்கொண்டே இருப்பாள். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்து பதினொரு வருஷம் பஸ்ஸில் போய் வந்தோம். புருஷன் செத்து, ஒற்றைப் பெண்ணை வைத்துக்கொண்டு அல்லாடியவள். ஆனால் வாய் மட்டும் வாய்தான். ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், அத்தனை பேர் முன்னால் என் வகிட்டைப் பார்த்து, "என்னடி, இந்த மாசம் சாயம் வாங்கக் காசில்லையா?" என்று கேட்டுவிட்டாள். ஹாலே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்தினேன். பஸ்ஸில் இடம் மாறி முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். இத்தனைக்கும் அவள் சொன்னது உண்மை.

அந்தச் சனிக்கிழமை கார்டு முறை என்னுடையது. ஒன்றே முக்காலுக்கு ஹெட்மாஸ்டர் விரலைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏழாவது வரிசையில் பட்டாணிப் பெட்டிகளுக்கு நடுவே சோளம் கலந்துவிட்டது, யாராவது போய் மாற்றி அடுக்குங்கள் என்றார். விசில் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனாள். நான் பார்த்தேன். பேச்சு இல்லையே, அதனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். இரண்டு மணிக்கு ஆறு கார்டையும் அடித்தேன். சண்டை வேறு, கார்டு வேறு, அதில் நாங்கள் நியாயமாகத்தான் இருந்தோம். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன். பின்னால் திரும்பினால் அவள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்ற வீம்பு. மற்றவர்கள் நாங்கள் சமாதானமாகி அவள் என்னோடு முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். பதினொரு வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவள் பஸ்ஸில் இல்லை, அது ஒருவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு என் போன் அடித்தது. விசிலுடைய பெண். பத்தொன்பது வயசானாலும் எங்களுக்கெல்லாம் அவள் பாப்பாதான்.

"அத்தை, அம்மா இன்னும் வீட்டுக்கு வரல. போனும் எடுக்க மாட்டேங்கறாங்க. உங்ககூட பஸ்ஸுல வந்தாங்களா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கார்டை நான்தான் அடித்தேன், அவள் போனதை நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் மனசில் ஓடியது அது இல்லை. இவள் நேரே கம்பெனிக்குப் போவாள், வாட்ச்மேனிடம் சொல்வாள், அவர் புத்தகத்தில் எழுதுவார், திங்கட்கிழமை ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஓடியது. விசில் எங்கே போய்விடுவாள், எவள் வீட்டிலாவது உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் வம்பளந்துகொண்டிருப்பாள் என்றும் ஓடியது.

"ரெண்டு மணிக்கே போயிட்டாளேடி," என்றேன். "என் கண்ணு முன்னாடிதான் கார்டு அடிச்சிட்டுப் போனா. பஸ்ஸுல வரல. வெளியில ஏதோ வேலை இருக்குன்னா."

ஒரு பொய்யைச் சொல்லி, அது தனியாகப் போகக்கூடாதென்று துணைக்கு இன்னொன்றையும் அனுப்பினேன். பாப்பா, "சரி அத்தை. நாலு பேருக்குப் போட்டேன், நீங்க ஒருத்தர்தான் எடுத்தீங்க" என்று நன்றி சொல்லி வைத்தாள். நான் வெங்காயத்தை நறுக்கி முடித்தேன்.

திங்கட்கிழமை காலை ஹெட்மாஸ்டர் கதவைத் திறந்தபோது நான் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தேன். விசில் கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக் காலில் சுற்றியிருந்தாள். கதவின் உள்பக்கத் தகட்டில், உறைந்து இறுகிய ஒரு பெட்டி முனையால் விடாமல் இடித்த குழிகள், இடுப்பு உயரத்தில் நிறைய, அதற்குக் கீழே கொஞ்சம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது. ஏழாவது வரிசையைப் போய்ப் பார்த்தேன். பட்டாணி ஒரு பக்கம், சோளம் ஒரு பக்கம், லேபிள் எல்லாம் வெளியே தெரிய அடுக்கியிருந்தாள். பாவி, வேலையை முடித்துவிட்டுத்தான் கதவுக்கு வந்திருக்கிறாள்.

அறுத்துப் பார்த்த டாக்டர், ஞாயிற்றுக்கிழமை விடிகிற வரை உயிர் இருந்திருக்கும் என்றார். ஜாக்கெட் போட்டிருந்தாள், நடந்துகொண்டே இருந்திருப்பாள், அதனால்தானாம். ஞாயிறு விடியல். எனக்குப் போன் வந்தது சனி ஏழு மணி. இந்தக் கணக்கைப் போட எனக்கு எவனும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டு வருஷமாக ஆகாத வேலை இரண்டே நாளில் ஆனது. புதுக் குமிழ், புது மணி, கதவு உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பெயிண்ட். கம்பெனி கார்டைத் தூக்கிக் காட்டியது. இரண்டு மணிக்கு வெளியேறியவர், அனுமதி இல்லாமல் திரும்ப உள்ளே நுழைந்திருக்கிறார், சூப்பர்வைசர் பூட்டிய நேரத்தில் மாட்டிக்கொண்டார் என்று அறிக்கை எழுதினார்கள். அப்படியானால் திரும்ப நுழைந்தவளைப் பார்க்காமல் வாசலில் என்ன கிழித்தாய் என்று வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தக் கிழவர் எங்கள் கார்டு விஷயத்தைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. நாங்கள் ஐந்து பேரும் கைகழுவும் இடத்தில் கூடினோம். எங்களில் ஒருத்திக்கு ரேடியோ என்று பேர், எதுவும் அவள் வயிற்றில் தங்காது. அவளே, "ஐயோ, இதை மட்டும் வெளிய விட்டுடாதீங்கடி, எம்புள்ளைங்க தெருவுக்கு வந்துடும்" என்று அழுதாள். யாரும் விடவில்லை. போன் வந்த விஷயம் அவர்களுக்கும் தெரியாது. அது எனக்கு மட்டும்.

ஒரு நாள் டீ நேரத்தில் காரட் பக்கத்து ஆள் ஒருத்தி, "ஆமா, அவ எதுக்குத் திரும்பி வந்தா? மூட்டை தூக்கவா?" என்று கேட்டாள். கையிலிருந்த டம்ளரை அவள் காலடியில் போட்டு உடைத்தேன். எனக்குக் கோபம் வந்தது, உண்மை வரவில்லை.

பிறகு விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். ராத்திரி இல்லை, பேயாட்டம் இல்லை. பட்டப்பகல் பதினொரு மணி, விளக்கெல்லாம் எரியும்போது, ஏழாவது வரிசைக்குப் பின்னாலிருந்து பல்லிடுக்கு வழியாக வரும் அந்த மெல்லிய சத்தம். முதல் தடவை நான் என்னையறியாமல், "வர்றியாடி, மணி ஆச்சு" என்று குரல் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ரேடியோவின் முகம் வெளுத்துவிட்டது. அவளும் கேட்டிருக்கிறாள். ஹெட்மாஸ்டர், விரலைத் தூக்கி, அது காற்று வரும் குழாயில் ஓட்டை என்றார். ஆள் வந்து குழாயை மாற்றினான். சத்தம் போகவில்லை. அதற்குப் பிறகு யாரும் தனியாக உள்ளே போவதில்லை. பெயிண்டும் அந்தக் குளிரில் நிற்கவில்லை. மாதம் ஒருமுறை செதில் செதிலாக உதிரும், குழிகள் வெளியே தெரியும், மறுபடி அடிப்பார்கள்.

மூன்றாவது மாதம் பாப்பாவுக்கு அம்மாவின் வேலையைக் கொடுத்தார்கள். மனிதாபிமானமாம். எனக்குப் பக்கத்து மேஜை. காலையில் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். யாராவது என்னைப் பற்றி ஏதாவது சொன்னால், "அத்தையை ஒண்ணும் சொல்லாதீங்க, அன்னைக்கு அவங்க ஒருத்தர்தான் போனை எடுத்தாங்க" என்று சண்டைக்குப் போவாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருக்கும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தினம் காலையில் நினைப்பேன். சாயங்காலத்துக்குள் ஆயிரம் காரணம் கிடைக்கும். அந்தப் பெண்ணுக்குப் பெற்றவளும் இல்லை, கூடப்பிறந்ததும் இல்லை, இருப்பது நான் ஒருத்தி, என்னையும் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வாள் என்று எனக்கு நானே கதை விட்டுக்கொள்வேன். உண்மையில் அவள் இல்லாமல் போனால் என்ன செய்வேன் என்ற பயம் எனக்குத்தான்.

அவள் தினமும் ஒரு காரியம் செய்வாள். ஷிப்ட் முடியும் நேரத்தில் குளிரறைக்குள் தனியாகவே போய், ஒவ்வொரு வரிசையாக நடந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வருவாள். ஹெட்மாஸ்டர்கூட வாய் திறக்க மாட்டார். எனக்கு மட்டும் அவள் கேட்கும்போதெல்லாம், யாராவது பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இருக்கும்.

கார்டு முறையை ஆறு மாதம் விட்டிருந்தோம். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தான். இரண்டு ஐந்து என்றால் இரண்டு ஐந்துதான், கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாலும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கிளம்பிவிடுவான். ரேடியோதான் மெல்ல ஆரம்பித்தாள். கொஞ்ச நாளைக்குப் பாப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். அவள் ஒருத்தி மட்டும் மழையில் வரிசையில் நின்று, இரண்டு தடவை பஸ்ஸை விட்டாள். ரேடியோவுக்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு ஏண்டி கஷ்டப்படற? உன் கார்டையும் சேத்து அடிச்சிடறோம். உன் முறை வந்தா நீ அடி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து பாக்கெட்டுகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா ஒன்றும் கேட்கவில்லை. சரிக்கா என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் முறை. இரண்டு மணிக்கு நாங்கள் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினோம். அவள் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மிஷின் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் ஆறு கார்டு. பின்னால் வரிசை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. "அடிம்மா, அடிச்சித் தொலை!" டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் திரும்பி 'உள்ளே' தட்டைப் பார்த்தாள், 'வெளியே' தட்டைப் பார்த்தாள், குளிரறை இருக்கும் பக்கம் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு பேர் நாலு வருஷத்தில் சேர்த்து வைத்துப் பார்க்காததை அந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் சேர்த்துவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கினேன். அது கிளம்பிப் போய்விட்டது.

அவள் கார்டுகளை அடிக்கவே இல்லை. ஆறையும் 'உள்ளே' தட்டிலேயே திரும்பச் செருகிவிட்டு வாசலைத் தாண்டி வந்தாள். ரோட்டோரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது, பெஞ்ச் ஈரம்.

"அத்தை, இது எத்தனை நாளா நடக்குது?"

"நாலு வருஷமா."

"அம்மா இருந்தப்பவும்?"

"ம்."

"அப்ப அன்னைக்கு அம்மா கார்டை அம்மா அடிக்கல."

நான் பெஞ்ச் ஈரத்தைக் கையால் துடைத்தேன்.

"யாரோட முறை அத்தை அன்னைக்கு?"

"என் முறை," என்றேன்.

அவள் குனிந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் அவளைத் தொடவில்லை, தொட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. லாரிகள் சேற்றை வாரியடித்துக்கொண்டு போயின. ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அம்மாவும் உங்க கார்டை அடிச்சிருப்பாங்கல்ல?"

"முறை வந்தப்பல்லாம் அடிச்சிருக்கா."

"அப்ப அது நீங்களா இருந்திருக்கலாம். அம்மா அடிச்சு, நீங்க உள்ள இருந்திருக்கலாம்." கண்ணைத் துடைத்தாள். "உங்களை மட்டும் எப்படி அத்தை சொல்றது? எல்லாரும் சேந்து செஞ்சதுதானே. இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டா உருகிட்டிருந்தீங்க? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மன்னித்துவிட்டாள், இத்தோடு முடிந்தது, போன் விஷயம் மண்ணோடு மண்ணாகப் போகட்டும் என்று என் கேடுகெட்ட மனசு துள்ளியது. அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும் அத்தை. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லுடி."

"அன்னைக்கு உங்ககிட்ட பேசிட்டு நேரா இங்கதான் வந்தேன். எட்டரை இருக்கும். வாட்ச்மேன் மாமா கார்டைப் பாத்துட்டு, அம்மா வெளிய போயிட்டாங்கன்னாரு. ஆனா அவருக்கு என்னமோ மனசு ஆறல. 'எதுக்கும் ஒருதடவ குளிர்ரூமைத் தொறந்து பாத்துடலாமா பாப்பா? சாவிக்கு ஹெட்மாஸ்டரை வரச் சொல்லணும், கன்னாபின்னான்னு திட்டுவாரு, திட்டட்டும்'னாரு. நான்தான் வேண்டாம்னேன். அத்தை அம்மா போறதைக் கண்ணால பாத்திருக்காங்க மாமா, வெளியில வேலை இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்களாம், வீணா நீங்க எதுக்குத் திட்டு வாங்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டேன். மறுநாள் பூரா தெரிஞ்சவங்க வீடு வீடாத் தேடிட்டு இருந்தேன்."

என் கை அவள் மடியிலேயே இருந்தது. அதை எடுக்கவும் தோன்றவில்லை.

"இங்கேருந்து அந்தக் கதவு நூத்தியிருபது அடி அத்தை. நடந்து எண்ணிப் பாத்தேன். அம்மா இடிச்சிட்டு இருந்திருப்பாங்க. நான் இங்க நின்னு, வேண்டாம் மாமான்னு சொல்லிட்டு இருந்தேன். அவரு இப்ப வேலையும் இல்லாம வீட்டுல இருக்காரு. வாரம் ஒருதடவ போன் பண்ணி, நான் தொறந்திருக்கணும் பாப்பா, நான் உன் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாதுன்னு அழுவாரு. நான்தானே மாமா வேண்டாம்னேன், என் தப்புதான்னு நானும் அழுவேன். ரெண்டு பேரும் இப்படியே மாத்தி மாத்தி. அம்மாவைக் கொன்னது நான்தான் அத்தை."

அடிப்பாவி மகளே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒன்பது மாதமாக நான் என்னை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஃபிரிட்ஜ், என் தூக்கம், என் பயம். நான் வெங்காயம் நறுக்குகிற நடுவில் சொன்ன இரண்டு வார்த்தையை இந்தக் குழந்தை வாங்கிக்கொண்டு போய், அந்தக் கிழவரிடம் பாதியைக் கொடுத்து, இரண்டு பேரும் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவள் என்னை அத்தை அத்தை என்று சாகிற வரைக்கும் கூப்பிடுவாள். அம்மாவைக் கொன்றவள் என்று தன்னையும் சாகிற வரைக்கும் சொல்லிக்கொள்வாள்.

மூன்று மணி பஸ் வந்து நின்றது. இரண்டு பேரும் ஏறவில்லை. அது போய்விட்டது.

"நான் பாக்கல," என்றேன்.

"எதை அத்தை?"

"உங்கம்மா வெளிய போறதை. அவ போகவே இல்லையே, நான் எங்க பாக்கறது? நீ போன் பண்ணினப்ப நான் பொய் சொன்னேன். கார்டை நான் அடிச்சது தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். புரியாதவள் பார்க்கிற பார்வை.

"வெளியில வேலை இருக்குன்னு சொன்னாங்கன்னீங்களே?"

"அதுவும் பொய்தான். நாங்க ரெண்டு நாளா பேசிக்கவே இல்ல. ஒண்ணே முக்காலுக்கு அவ ஜாக்கெட் போட்டுக்கிட்டு உள்ள போனதைத்தான் நான் கடைசியாப் பாத்தேன். அதை உங்கிட்ட நான் சொல்லல. சொல்லியிருந்தா நீ அந்தக் கதவைத் தொறக்கச் சொல்லியிருப்ப. உன் மேல தப்பில்ல பாப்பா. அந்த மனுஷன் மேலயும் இல்ல."

"ஏழு மணிக்கு உங்களுக்குத் தெரியும். அம்மா உள்ள போனது தெரியும். வெளிய வந்தது தெரியாது."

"தெரியாது."

"தெரிஞ்சுதான் சொன்னீங்க."

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

என் கையை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். தள்ளவில்லை, உதறவில்லை. எடுத்து வைத்தாள். ஓங்கி ஓர் அறை விடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து நாலு அடி தள்ளி நின்று, கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாகத் தொட்டாள். மூன்றாவது தடவை காதில் வைத்தாள்.

"மாமா, நான்தான். சாப்ட்டீங்களா? இல்ல, இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. அழல மாமா. இங்க ஒருத்தங்க இருக்காங்க. உங்ககிட்ட பேசணுமாம்."

போனை என்னிடம் நீட்டினாள்.

"எங்கிட்ட சொன்னதை அவருகிட்டயும் சொல்லுங்க," என்றாள். "ஒண்ணு விடாம."

வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் கிழவர் இருமிக்கொண்டே, "யாரும்மா?" என்றார். நான்தான் அண்ணே, பேக்கிங்ல இருக்கறவ என்றதும் அவர் குரல் மலர்ந்துவிட்டது.

"அடடே, நீயாம்மா! எத்தனை நாளாச்சு. பாப்பாவைத் தனியா விடாம நீதான் கூடவே இருந்து பாத்துக்கறியாமே, அவ சொல்லிச் சொல்லி மாளல. நீ நல்லா இருக்கணும் தாயி."

பாப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். போகவில்லை. நான் சொல்வதைக் கேட்பதற்காக நின்றாள்.

"அண்ணே," என்றேன், "அன்னைக்கு அவ கார்டை அடிச்சது நான்."